ஜான் பிரைனின் 'இன் ஸ்பைட் ஆஃப் அவர்செல்வ்ஸ்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாங்கி-டாங்க் பாடல்களைப் பெண் பாடகியரோடு சேர்ந்து பாடி ஜான் பிரைன் 1999இல் வெளியிட்ட இந்த ஆல்பத்தை யாருக்குப் பரிந்துரைத்தாலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான சந்தேகங்களே திரும்பி வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். அமெரிக்கக் கிராமப்புற இசையான கன்ட்ரியை முன்பின் கேட்டிராதவர்கள் முதலிலிருந்து படிக்கலாம். பழக்கமுள்ளவர்கள் பாதியிலிருந்து தொடங்கினாலும் குறையில்லை.

யார் இந்த ஜான் பிரைன்? நான் கேள்விப்பட்டதே இல்லையே.

அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர். 1946இல் சிகாகோவை ஒட்டிய மேவுட் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் கென்டக்கி மாநிலத்தின் மேற்கிலுள்ள மியூலன்பர்க் என்ற நிலக்கரி மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். வீடு வடக்கே இருந்தாலும் பேச்சும் பாட்டும் கென்டக்கியாகவே இருந்தன. பிரைன் தபால்காரராக வேலை பார்த்தார். நடுவில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டு மேற்கு ஜெர்மனியில் வண்டிகளைப் பழுது பார்த்தார். திரும்பி வந்து மறுபடியும் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கடிதம் கொடுத்தபடி தெருத்தெருவாக நடக்கும்போதே மனத்துக்குள் பாட்டுக் கட்டினார்.

1970இல் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அவர் பாடக் கேட்டு, 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழில் 'பாடும் தபால்காரர்' என்று எழுதினார். அடுத்த ஆண்டே முதல் ஆல்பம் வந்தது. பெரிய நிறுவனங்களோடு சில ஆண்டுகள் இருந்தபின் 1981இல் 'ஓ பாய் ரெக்கார்ட்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தை நண்பர்களோடு தொடங்கினார். இந்த ஆல்பமும் அதில் வந்ததுதான். 2020 ஏப்ரல் 7 அன்று, கொரோனா தொற்றால் தம் 73ஆம் வயதில் நாஷ்வில்லில் இறந்தார்.

ஹாங்கி-டாங்க் என்கிறீர்களே, அதற்கும் கன்ட்ரிக்கும் என்ன வித்தியாசம்?

ஹாங்கி-டாங்க் கன்ட்ரியின் ஒரு கிளை. மதுக்கூடத்தில் வளர்ந்த கிளை. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் நீங்கியதும் டெக்சாஸ் எண்ணெய் வயல்களைச் சுற்றி நெடுஞ்சாலையோரத்தில் சின்னச் சின்ன மதுக்கூடங்கள் முளைத்தன. வாரக் கூலி வாங்கிய தொழிலாளிகள் குடிக்கவும் ஆடவும் அங்கே கூடினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே மெல்லிய கிட்டார் ஒலி யார் காதிலும் விழாது. அதனால் மின்சாரக் கிட்டார் வந்தது, தாளம் அழுத்தமானது, பாடகரும் வார்த்தையை நறுக்கென்று சொல்லப் பழகினார். பாட்டின் பொருளும் மாறியது. மலையையும் தாய்வீட்டையும் பாடியவர்கள் குடி, துரோகம், பிரிவு, மனைவி வைத்துவிட்டுப் போன சீட்டு என்று பாடத் தொடங்கினார்கள்.

எர்னஸ்ட் டப் 1941இல் வெளியிட்ட பதிவு இதற்கு ஒரு பெரிய வாசலைத் திறந்தது. பிறகு வந்த ஹாங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டு நாளில் 29 வயதில் இறப்பதற்குள் இந்த வகையின் இலக்கணத்தையே எழுதி வைத்துவிட்டார். காலால் மிதித்துச் சுருதியை வளைக்கும் பெடல் ஸ்டீல் கிட்டார் 1954இல் வெப் பியர்ஸின் ஒரு பதிவில் ஒலித்த பிறகு, அந்த விம்மல் இல்லாத ஹாங்கி-டாங்க் அரிதாகிவிட்டது. பிரைன் இந்த ஆல்பத்துக்கு எடுத்த பாடல்களில் பெரும்பாலானவை அந்த நாட்களிலிருந்தும் அதைத் தொட்டு வந்த 1960களிலிருந்தும் வந்தவை.

கன்ட்ரி என்றாலே குதிரை, தொப்பி, மாட்டுப் பண்ணைதானே? எனக்கு அதில் என்ன இருக்கிறது?

பதினாறு பாடல்களையும் சலித்துப் பார்த்தால் குதிரைக்கான பொருள் ஒன்றே ஒன்று அகப்படும்: கடைசிப் பாட்டில் வரும் ஒரு சேணம். மற்றபடி இதில் உள்ளவர்கள் பீர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்கள், பழைய கார் ஓட்டுகிறார்கள், அக்கம்பக்கத்துப் பேச்சுக்குப் பயப்படுகிறார்கள், மற்றவர் மனைவியை ரகசியமாக விரும்புகிறார்கள். எந்த ஊர்க்காரருக்கும் புரியும் ஆட்கள்.

பாட்டு எழுதுவதில்தானே அவருக்குப் புகழ்? பிறர் எழுதியதைப் பாடி ஆல்பம் போட்டது ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். ஆல்பத்தில் பிரைன் எழுதியது தலைப்புப் பாடல் ஒன்று மட்டுமே. மற்ற பதினைந்தும் பிறருடையவை. எழுதச் சரக்குத் தீர்ந்துபோய் இப்படிச் செய்தார் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய தந்தை ஹாங்க் வில்லியம்ஸின் தீவிர ரசிகர். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் வானொலி கேட்டு வளர்ந்த பிள்ளை பிரைன். ஒரு கனமான விஷயத்தை மூன்று நிமிடத்துக்குள், அடுக்களைப் பேச்சின் சொற்களை வைத்தே சொல்லி முடிக்கலாம் என்பதை இந்தப் பாடல்களிடம்தான் அவர் கற்றார்.

தேர்வைக் கவனியுங்கள். ஹாங்க் வில்லியம்ஸ், ரோஜர் மில்லர், பில் ஆண்டர்சன், ஜாக் கிளெமெண்ட், ஃபெலிஸ் பிரையண்ட், பாபி பிராடக், டான் எவர்லி என்று பட்டியல் போகிறது. சொல்லை வீணாக்காத எழுத்தாளர்கள் இவர்கள். ஒருவர் எதைப் பார்த்து எழுதப் பழகினார் என்று அறிய இதைவிட நேரான வழி இல்லை. பிரைனின் சொந்தப் பாடல்கள் பிடித்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு அவற்றுக்குத் திரும்பினால், எந்த வரி எங்கிருந்து கிளைத்தது என்பது தெரியும்.

குரல் ஏன் இப்படிக் கரகரக்கிறது? என்னிடம் உள்ள பதிவில் ஏதாவது கோளாறா?

பதிவில் கோளாறு இல்லை. 1990களின் இறுதியில் பிரைனுக்குக் கழுத்தின் வலப்பக்கம் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சையில் கழுத்தில் ஒரு பகுதி நீக்கப்பட்டது, நாக்குக்குச் செல்லும் சில நரம்புகள் துண்டாயின. பிறகு கதிர்வீச்சு. ஏறத்தாழ ஓர் ஆண்டு தேறி வந்தபோது குரல் தடித்து, இறங்கி, சரளை மேல் வண்டி ஓடுவதுபோல் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வெளிவந்த முதல் ஆல்பம் இது.

பழைய சுருதியில் பாட முடியாததால் மேடையில் தம் பழைய பாடல்களையும் இறக்கிப் பாடினார். அப்படிப் பாடியபோது அவை தமக்கே புதிதாகத் தெரிந்தன என்று மகிழ்ந்தார். இந்த ஆல்பத்தில் அந்தக் கரகரப்புக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பக்கத்தில் பாடும் பெண் குரல்கள் எல்லாம் தெளிவானவை, உயரமானவை. இருவர் பாடுவது ஒரே மெட்டாக இருந்தாலும் பட்டது ஒரே பாடு இல்லை என்பது அந்த வித்தியாசத்திலேயே காதுக்குத் தெரிந்துவிடுகிறது. 1971 ஆல்பத்தின் இளம் குரலில் இதே பாடல்கள் இவ்வளவு நம்பும்படி இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

ஒவ்வொரு பாட்டிலும் வேறு பெண் குரல் கேட்கிறதே, யார் யார்?

ஒன்பது பேர். ஐரிஸ் டிமெண்ட் நான்கு பாடல்கள் பாடுகிறார். கோனி ஸ்மித், மெல்பா மாண்ட்கமரி, அயர்லாந்துப் பாடகி டொலோரஸ் கீன் ஆகியோர் இரண்டிரண்டு. எமிலூ ஹாரிஸ், லூசிண்டா வில்லியம்ஸ், த்ரிஷா இயர்வுட், பேட்டி லவ்லெஸ், பிரைனின் மனைவி ஃபியோனா ஆகியோர் ஒவ்வொன்று. மிஞ்சிய ஒரு பாட்டு பிரைன் தனியாகப் பாடியது. அதைப் பற்றிக் கீழே தனிக் கேள்வி உண்டு.

இவர்களில் ஐரிஸைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1961இல் அர்கன்சாவில் பிறந்தவர். பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. பெந்தேகோஸ்தே சபையில் பாடி வளர்ந்தவர். பயிற்சி தந்த மெருகு எதுவும் அவர் குரலில் இல்லை. மூக்கும் தொண்டையும் சேர்ந்து எழும் பழைய மலைநாட்டுக் குரல் அது. 1992இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்துக்கு உறைக் குறிப்பு எழுதித் தந்தவர் பிரைன். கன்ட்ரியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடிய எத்தனையோ ஜோடிகளைக் கேட்டிருக்கிறேன். இந்த இருவரைப்போல ஒருவர் பாடும்போது மற்றவர் நிஜமாகவே காது கொடுத்துக் கேட்கிறார் என்று தோன்றவைப்பவர்கள் மிகச் சிலரே.

இது சிரிக்கிற ஆல்பமா, அழுகிற ஆல்பமா? எந்த மனநிலையில் கேட்க வேண்டும்?

முதல் பாட்டையே எடுத்துக்கொள்வோம். பாபி பிராடக் எழுதி, ஜார்ஜ் ஜோன்ஸும் டாமி வைனெட்டும் கணவன் மனைவியாக இருந்த நாட்களில், 1974இல் பாடியது. ரோம் நகர நீரூற்றின் அருகே உன்மேல் காதல் கொண்டேன், ஏதென்ஸ் காபிக் கடையில் நீயும் சொன்னாய், பாரிஸில் ஏப்ரல் மாதத்தில் முதன்முதலாக அணைத்துக்கொண்டேன் என்று தொடங்குகிறது. விமானமேறி உலகம் சுற்றும் பணக்காரக் காதல் என்று நாம் நினைக்கும்போது அடுத்த வரி வருகிறது: ரோம் இருப்பது ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் டெக்சாஸில், பாரிஸ் டென்னசியில். மூன்றும் உண்மையிலேயே அமெரிக்காவில் உள்ள ஊர்கள். நாங்கள் பழைய செவ்ரோலே கார்க்காரர்கள், மற்றவர்கள் மாட்டிறைச்சியும் மார்ட்டினியும் சாப்பிடட்டும், எங்களுக்குச் சாஸேஜும் குழாய் பீரும் என்று போகிறது பாட்டு.

சிரிப்பு வரும். ஆனால் அந்த நகைச்சுவை யாரையும் இழிவு செய்யவில்லை. ஏழ்மையை மறைக்காமல் அதன் மேலேயே காலூன்றி நிற்கும் காதல் அது. ஜோன்ஸும் வைனெட்டும் 1975இல் விவாகரத்துச் செய்துகொண்டார்கள் என்று தெரிந்துகொண்டு கேட்டால் அதே வரிகள் வேறு மாதிரி இறங்கும். சிரிப்பையும் அழுகையையும் தனித்தனிப் பாட்டில் வைக்கும் வழக்கம் இங்கே இல்லை. எந்த மனநிலையிலும் தொடங்கலாம்.

'லெட்ஸ் இன்வைட் தெம் ஓவர்' பாட்டில் என்னதான் நடக்கிறது? நான் சரியாகத்தான் கேட்டேனா?

சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கணவன், ஒரு மனைவி. மற்றொரு தம்பதி இவர்களுக்கு நெருங்கிய நண்பர்கள். கணவனுக்கு அந்த நண்பனின் மனைவி மேல் காதல். மனைவிக்கு அந்த நண்பன் மேல் காதல். இருவருக்கும் இது தெரியும். ஒருவரையொருவர் இப்போது நேசிக்கவில்லை என்பதும் தெரியும். தனிமை தாங்காத இரவில் 'அவர்களை இன்றைக்கும் வீட்டுக்குக் கூப்பிடுவோமா' என்று ஒருவர் கேட்க, மற்றவர் சம்மதிக்கிறார்.

ஓனி வீலர் எழுதி, 1963இல் ஜார்ஜ் ஜோன்ஸும் மெல்பா மாண்ட்கமரியும் பாடியது. பாட்டில் யாரும் கத்துவதில்லை, யாரும் ஓடிப்போவதில்லை. விருந்துக்கு அழைப்பு மட்டும்தான். பிரைனும் ஐரிஸும் துளியும் மிகைப்படுத்தாமல், அன்றாடச் செய்தியைச் சொல்வதுபோல் பாடுகிறார்கள். அதனால்தான் முதல்முறை கேட்பவருக்குத் தம் காதுமேலேயே சந்தேகம் வருகிறது. இரண்டாம் முறை கேட்கும்போது, இந்த ஏற்பாட்டுக்கு இருவரும் ஒத்துக்கொள்வதே அவர்களுக்குள் மிஞ்சியிருக்கும் ஒரே ஒற்றுமை என்பது புரியும். ஆல்பத்திலேயே துணிச்சலான பாட்டு இதுதான் என்பேன்.

கள்ள உறவைப் பற்றி இத்தனை பாட்டு எதற்கு? அதைப் புகழ்கிறார்களா?

புகழவில்லை, பெரும்பாலும் அதற்கான விலையைத்தான் பாடுகிறார்கள். பேட்டி லவ்லெஸோடு பாடும் 'பேக் ஸ்ட்ரீட் அஃபேர்' 1952இல் வெப் பியர்ஸ் பெரிய வெற்றி கண்ட பாட்டு. அதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. அந்தப் பாட்டு ஆணின் பக்கத்தைச் சொன்னதும், கிட்டி வெல்ஸ் அதே விவகாரத்துக்குப் பெண் செலுத்தும் விலையைப் பற்றிப் பதில் பாட்டுப் பாடினார். இப்படிப் பதிலுக்குப் பதில் பாடுவது அந்நாளைய கன்ட்ரியில் வாடிக்கை. பிரைன் ஒரு பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அதே பாட்டைப் பாடும்போது, வழக்கும் பதிலும் ஒரே பதிவுக்குள் வந்துவிடுகின்றன.

டொலோரஸ் கீனோடு பாடும் இரண்டும் இதே வட்டாரம்தான். ஒன்று 1979இல் மோ பேண்டி பாடிப் புகழ்பெற்றது. மற்றது கீரன் கேன் எழுதிய 'இன் எ டவுன் திஸ் சைஸ்'. சின்ன ஊரில் எதையும் மறைக்க முடியாது என்பதுதான் அதன் பொருள் முழுவதும். கோனி ஸ்மித்தோடு பாடும் 'லூஸ் டாக்' அதன் மறுபக்கம்: தப்பே செய்யாத தம்பதியையும் ஊர் வாய் பிரித்துவிடப் பார்க்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

சோக வரிகளுக்கு ஏன் துள்ளல் தாளம்?

ஹாங்கி-டாங்க் பிறந்த இடம் ஆடுதளம் என்று மேலே சொன்னேன். பாட்டு எவ்வளவு அழுதாலும் ஜோடிகள் ஆட வேண்டும். ஆடினால்தான் ஜூக்பாக்ஸ் என்ற காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் பெட்டியில் அடுத்த காசு விழும். அந்த வாழ்க்கைத் தேவையிலிருந்து பிறந்த வடிவம் இது. 'மில்வாக்கி ஹியர் ஐ கம்' நல்ல உதாரணம். பீர் ஆலையில் வேலை பார்த்த தம்பதி மில்வாக்கியிலிருந்து நாஷ்வில்லுக்கு வருகிறார்கள். வந்த இடத்தில் மனைவிக்கு மேடைப் பாடகர்கள் மேல் மயக்கம். 'நட்சத்திரங்களா, நானா, முடிவு செய்' என்று சொல்லிவிட்டுக் கணவன் ஊர் திரும்பப் புறப்படுகிறான். கதையைக் காகிதத்தில் எழுதினால் குடும்பம் உடைகிற கதை. காதில் விழுவதோ காலைத் தட்டவைக்கும் பாட்டு.

பாலட் எனப்படும் மெதுவான பாடல்களில் எதை முதலில் கேட்பது?

'ஐ நோ ஒன்'. ஜாக் கிளெமெண்ட் எழுதியது. ஜிம் ரீவ்ஸ் 1960இல் பாடினார். பிரைனோடு பாடுபவர் எமிலூ ஹாரிஸ். உன் காதலர் எல்லோரும் போய், நண்பர்களும் பறந்துபோன பிறகு, நீ செய்ததை எல்லாம் அறிந்தும் உன்னை ஏற்றுக்கொள்ள யார் இருப்பார்? ஒரு முட்டாள்தான் ஏற்பான். அப்படி எத்தனை முட்டாள்கள் இருப்பார்கள்? இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: எனக்கு ஒருவனைத் தெரியும். கேலியாகத் தொடங்கும் பேச்சு அந்தப் பதிலில் தன்னைத்தானே ஒப்புக்கொடுத்துவிடுகிறது. பிரைன் அதை இழுக்காமல், அலங்கரிக்காமல், சொல்லிவிட்டு நகர்கிறார்.

அடுத்தது எவர்லி சகோதரர்கள் 1960இல் பாடிய 'ஸோ சாட்'. எழுதிய டான் எவர்லி பிறந்தது அதே மியூலன்பர்க் மாவட்டத்தில். பிரைன் கோனி ஸ்மித்தோடு இதைப் பாடுவது ஒரு வகையில் தாய்தந்தை ஊருக்குப் போய் வருவதுதான். மூன்றாவதாக ரோஜர் மில்லரும் பில் ஆண்டர்சனும் சேர்ந்து எழுதிய 'வென் டூ வேர்ல்ட்ஸ் கொலைட்'. வேடிக்கைப் பாடல்களுக்கே பெயர்போன மில்லர் இப்படியும் எழுதினார் என்று பலருக்குத் தெரியாது. த்ரிஷா இயர்வுட்டின் முழுக் குரல் அதில் பிரைனைத் தூக்கி நிறுத்துகிறது.

ஃபியோனா தொழில்முறைப் பாடகியா?

இல்லை. அயர்லாந்தில் பிறந்தவர், 1996இல் பிரைனை மணந்தார். ஆல்பத்தில் அவர் பாடுவது ''டில் எ டியர் பிகம்ஸ் எ ரோஸ்'. இந்தப் பாட்டின் பின்னணி தெரிந்திருப்பது நல்லது. கீத் விட்லி 1989இல் இளம் வயதில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற பதிவோடு அவருடைய மனைவி லோரி மார்கன் பிறகு தம் குரலைச் சேர்க்க, 1990இல் அது இருவர் பாட்டாக வெளிவந்தது. இறந்த கணவனோடு மனைவி பாடிய பாட்டு. சாவின் பக்கத்துக்குப் போய்த் திரும்பிய கணவன் அதைத் தன் மனைவியோடு பாடத் தேர்ந்தெடுத்தால், அங்கே பாடும் திறமையை எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

லூசிண்டா வில்லியம்ஸ், ஹாங்க் வில்லியம்ஸின் மகளா?

உறவே இல்லை; குடும்பப் பெயர் ஒன்று, அவ்வளவுதான். லூசிண்டா, கவிஞர் மில்லர் வில்லியம்ஸின் மகள். குழப்பம் வருவது இயல்பே. ஏனென்றால் அவர் இங்கே பாடுவது ஹாங்க் வில்லியம்ஸ் பாடிய இரண்டு பாடல்களை ஒன்றாகக் கோத்து. முதலாவது, காதலித்தவளின் திருமணப் பத்திரிகை கைக்கு வந்த ஒருவனின் பாட்டு. இரண்டாவது, ஆண்டுகளைப் பின்னுக்குத் திருப்புவோம் என்ற வேண்டுதல். ஒன்றின் வலிக்கு மற்றது மறுமொழி போல அமைகிறது.

மெல்பா மாண்ட்கமரி பாடும் பாட்டுப் பழைய பதிவா, புதிதாகப் பாடியதா?

புதிதாகப் பாடியது. 'வி மஸ்ட் ஹாவ் பீன் அவுட் ஆஃப் அவர் மைண்ட்ஸ்' மெல்பா தாமே எழுதியது. 1963இல் ஜார்ஜ் ஜோன்ஸோடு பாடிப் பெயர் வாங்கினார். ஒருவரையொருவர் விட்டு வேறு துணை தேடிப் போனது பைத்தியக்காரத்தனம் என்று ஒரு ஜோடி ஒப்புக்கொள்ளும் பாட்டு. 36 ஆண்டுகள் கழித்து, எழுதியவரே அதே வரிகளைப் பிரைனோடு மறுபடி பாடுகிறார். இருபதுகளில் இருக்கும் பெண் 'புத்தி கெட்டுப் போனோம்' என்பதற்கும் அறுபதை எட்டியவர் சொல்வதற்கும் உள்ள தூரம் இரண்டு பதிவுகளையும் வைத்துக் கேட்டால் தெரியும். மேலே சொன்ன விருந்தழைப்புப் பாட்டும் மெல்பா ஜோன்ஸோடு பாடியதே. அதை ஐரிஸுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, இங்கே தம் சொந்தப் பாட்டுக்கு வந்திருக்கிறார்.

தலைப்புப் பாட்டு பச்சையாக இருக்கிறதே. இதைப் போய்க் காதல் பாட்டு என்கிறீர்கள்?

ஆமாம், அதுவும் நான் கேட்டவற்றில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. பில்லி பாப் தார்ன்டன் இயக்கிய 'டாடி அண்ட் தெம்' படத்துக்காகப் பிரைன் எழுதினார். படத்தில் நடித்தும் இருக்கிறார். படம் 2001இல்தான் வெளிவந்ததால் பாட்டு ஆல்பத்தில் முந்திக்கொண்டது. அமைப்பு எளிது: கணவன் மனைவியைப் பற்றிச் சொல்கிறான், மனைவி கணவனைப் பற்றிச் சொல்கிறாள். முட்டைப் பொரியலில் கெச்சப் ஊற்றிக்கொள்வாள், கால் மயிரை மழிக்கும்போது மாலுமிபோல் வைவாள், என் ஜோக் எல்லாம் அறுவை என்பாள் என்கிறான் அவன். பெரிய புத்திசாலி இல்லை என்றாலும் காரியத்தை முடிப்பான், பீரைப் பிராணவாயுபோல் குடிப்பான், என் உள்ளாடையை முகர்ந்து மாட்டிக்கொண்டான் என்கிறாள் அவள். ஒவ்வொரு குற்றப்பட்டியலும் ஒரே முடிவுக்கு வருகிறது: இவளை விடமாட்டேன், இவனை விடமாட்டேன்.

இந்த வரிகளைக் கோயில் பாட்டுக் குரலில் ஐரிஸ் பாடுவதுதான் பாட்டைத் தூக்குகிறது. கண்ணடித்துக்கொண்டு பாடியிருந்தால் மலிவாகியிருக்கும். அவர் சாட்சி சொல்வதுபோல் பாடுகிறார். பல்லவியில் இருவரும் தங்களை நுழைவுச் சீட்டுக் குலுக்கலில் விழுந்த பெரிய பரிசு என்று சொல்லிக்கொள்கிறார்கள். தகுதியால் வென்றதில்லை, வந்து நின்றதற்காகக் கிடைத்தது. ஆல்பத்தில் அதுவரை வந்த ஜோடிகளில் பெரும்பாலோர் பொய் சொல்லிப் பிரிந்தவர்கள், சொல்ல முடியாமல் தவித்தவர்கள். ஒளிக்க எதுவும் மிச்சமில்லாத இந்த ஜோடி பதினைந்தாவதாக வருவது தற்செயலாக இருக்க முடியாது.

பிள்ளைகள் இருக்கும்போது போடலாமா?

தலைப்புப் பாட்டைத் தவிர்த்துவிட்டுப் போடலாம். மற்றவற்றில் கொச்சையான சொல் எதுவும் என் காதில் பட்டதில்லை. கதை என்ன என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்வது உங்கள் பொறுப்பு. ஃபெலிஸ் பிரையண்ட் தம் கணவருக்காக எழுதிய 'வி குட்' எந்த வயதுக்கும் ஏற்றது.

ஆங்கிலம் வரும், ஆனால் இந்த உச்சரிப்புப் பிடிபடவில்லை. என்ன செய்வது?

முதல்முறை வரிகளைத் தேடாமல் இரண்டு குரல்களையும் மட்டும் கேளுங்கள். யார் குற்றம் சொல்கிறார், யார் சமாதானம் சொல்கிறார் என்பது தொனியிலேயே தெரியும். பிறகு 'ஐ நோ ஒன்', 'ஸோ சாட்' போன்ற மெதுவான பாடல்களுக்கு வாருங்கள். சொற்கள் சிறியவை, பிரைன் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். 'மில்வாக்கி', 'டியர் ஜான்' போன்ற வேகமானவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தென்மாநிலப் பேச்சில் சொல்லின் கடைசி மெய் விழுங்கப்படும், உயிரெழுத்து நீளும். இந்த இரண்டும் பழகிவிட்டால் பாதி மேடு ஏறியாயிற்று.

கடைசிப் பாட்டை மட்டும் தனியாகப் பாடுகிறாரே, ஏன்?

அதில் ஒரு குறும்பு இருக்கிறது. 'டியர் ஜான்' மனைவி விட்டுப் போன ஒருவனின் பாட்டு. காலையில் எழுந்தால் கதவில் ஒரு சீட்டு: எனக்குக் காபி போடாதே, இனி வரமாட்டேன், உன் சேணத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பைபிளில் வரும் யோனா திமிங்கலத்தின் வயிற்றிலேயே அனுசரித்து இருந்துவிட்டான், தானியேல் சிங்கக் குகையிலேயே சமாளித்தான், அனுசரிக்கவே முயலாத ஒருவனை எனக்குத் தெரியும் என்று தன்னையே சொல்கிறான். 1951இல் ஹாங்க் வில்லியம்ஸ் பாடி வெளியிட்டார்.

பதினைந்து பாடல்களில் ஒன்பது பெண்களோடு பாடிவிட்டு, ஜான் என்ற பெயருள்ளவர் 'அன்புள்ள ஜான்' என்று தொடங்கும் பிரிவுக் கடிதத்தைத் தனியாகப் பாடி முடிக்கிறார். விடமாட்டேன் என்று இருவரும் சத்தியம் செய்த பாட்டுக்கு அடுத்து இது வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மூலப் பதிவுகளைக் கேட்டுவிட்டுத்தான் இதற்கு வர வேண்டுமா?

அவசியமில்லை. ஆல்பத்தை முதலில் கேளுங்கள். எது மனத்தில் தங்குகிறதோ அதன் மூலத்தைத் தேடிப் போங்கள். சில இடங்களில் மூலம் இதைவிட உயரமானது. ஜார்ஜ் ஜோன்ஸின் குரலோடு யாரும் போட்டியிட முடியாது, பிரைன் முயலவும் இல்லை. பாடகர் பாட்டைப் பாடுவதற்கும் பாடலாசிரியர் பாடுவதற்கும் உள்ள வேற்றுமையை இந்த ஒப்பீடு காட்டும். ஜோன்ஸ் உயிரெழுத்தில் கரைந்துபோவார். பிரைன் சொல்லின் மேல் நிற்பார்.

இதற்குப் பிறகு இப்படி இன்னொன்று செய்தாரா?

செய்தார். 2016இல் 'ஃபார் பெட்டர், ஆர் வொர்ஸ்' என்ற ஆல்பம், அதே முறையில், பெண் பாடகியரோடு பழைய கன்ட்ரிப் பாடல்கள். அதற்குள் 2013இல் நுரையீரலில் புற்றுநோய் கண்டு மற்றோர் அறுவைச் சிகிச்சையையும் கடந்திருந்தார். ஐரிஸும் ஃபியோனாவும் அதிலும் உண்டு. மிராண்டா லாம்பர்ட், கேசி மஸ்கிரேவ்ஸ், அமாண்டா ஷயர்ஸ் என்று இளைய தலைமுறையும் சேர்ந்தது. இந்த முறை ஹாங்க் வில்லியம்ஸின் உண்மையான பேத்தி ஹாலி வில்லியம்ஸும் பாடினார். நல்ல ஆல்பம்தான். ஆனால் 1999 ஆல்பத்தில் இருந்த சொந்தப் பாட்டு ஒன்று அதில் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. சொந்தப் பாடல்களுக்கு ஏங்குபவர்கள் 2018இல் வந்த 'தி ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னஸ்' கேட்கலாம். அவர் உயிரோடிருந்தபோது வெளிவந்த கடைசி ஆல்பம் அதுதான். ஐரிஸின் குரலில் சிக்கிக்கொண்டவர்களுக்கு அவருடைய 1992, 1994 ஆல்பங்கள் இரண்டும் காத்திருக்கின்றன.